கழித்த மீன்கள்

அரபு மொழியில் ‘இஸ்திஃபா’ என்றொரு சொல் உண்டு. பலவற்றினின்றும் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் என்பது அதன் பொருள். ‘முஸ்தஃபா’ என்னும் திருப்பெயரும் அந்த வேரினின்றே பிறந்தது. ஸாத், ஃபே, வாவ் என்ற மூன்றெழுத்து வேருக்கு முதற்பொருள் தெளிவு. அதாவது கலங்கலும் கசடும் நீங்கிய தூய்மை. தமிழிலோ ‘தெளிதல்’ என்னும் சொல் நீர் தெளிதலையும் குறிக்கும். ஆராய்ந்து ஒருவனைத் தேர்ந்து நம்புதலையும் குறிக்கும். திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. கடல் பிரித்து வைத்த இரண்டு மொழிகளும், தெரிவு என்னும் செயலுக்குச் சொல் தேடியபோது தண்ணீர்க் கரையிலேதான் நின்றிருக்கின்றன போலும்.

முப்பது ஆண்டுகளாக இச்சொற்களை மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வருபவன் நான். ஆனால் அவற்றின் முழுப்பொருள் எனக்கு விளங்கியது மதரஸாவின் பாய்மீது அன்று. என் வீட்டுப் புழக்கடையிலுள்ள சிமெண்டுத் தொட்டியின் ஓரத்தில். தங்கமீன் வளர்க்கும் ஒரு மவ்லவியின் கதை இலக்கிய ஏட்டில் இடம்பெறத் தக்கதா என்று வாசக அன்பர்கள் ஐயுறலாம். சற்றுப் பொறுத்துப் படித்தபின் தீர்ப்பளிக்க வேண்டுகிறேன்.

மீனோடு எனக்குள்ள உறவு பழையது. நாமக்கல் பக்கத்துச் சிற்றூரில் நான் ஓதிய பள்ளிவாசலில், ஒளுச் செய்யும் ஹவுளில் எப்போதும் மீன்கள் இருந்தன. கொசுப்புழுவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்று பெரியவர்கள் விட்டவை. யாரோ ஒருவர் அதிலே நான்கு தங்கமீன்களையும் விட்டார். செக்கச் சிவந்த மேனியும் விசிறி போன்ற இரட்டை வாலுமாக அவை எங்கள் ஓதலைப் பலநாள் கெடுத்தன. ஆண்டுகள் சில சென்றபின், அவற்றின் வழிவந்த குஞ்சுகளில் பாதிக்கு மேல் ஒற்றை வாலும் பாசி நிறமுமாக, ஏரிக்கெண்டையைப் போலவே இருந்தன. “நகாசு வேலையை விட்டுவிட்டால் பாத்திரம் பழைய செம்பாகிவிடும்” என்றார் எங்கள் உஸ்தாது. அழகு தானாக நிற்பதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு கை அதைத் தெரிந்தெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை நான் முதன்முதல் கண்டது அந்த ஹவுளில்தான்.

தங்கமீனின் வரலாறு முழுவதுமே அந்தக் கையின் வரலாறுதான். அதன் முன்னோர் சீன நாட்டின் குளங்களில் வாழ்ந்த சாம்பல் பச்சை நிறக் கெண்டையினத்து மீன்கள். எப்போதாவது ஒரு மீன் கருநிறத்தை இழந்து செம்பொன்னாகப் பிறக்கும். அத்தகைய மீன்களைச் சுங் வமிச காலத்தில், அஃதாவது 960 முதல் 1279 வரையான நூற்றாண்டுகளில், குளங்களில் தனியே வளர்க்கலாயினர். பின்னர் மிங் வமிசத்தார் ஆண்ட காலத்தில் அவை குளத்தினின்றும் மண் சாடிகளுக்கும் பீங்கான் தொட்டிகளுக்கும் குடிபுகுந்தன. இந்த இடமாற்றம் சிறியதாகத் தோன்றினும் அதன் விளைவு பெரிது. குளத்தில் எது எதனோடு இணைந்தது என்று யாருக்குத் தெரியும்? தொட்டியிலோ, விரும்பிய ஆணையும் விரும்பிய பெண்ணையும் மட்டும் விடலாம். குளத்தில் கொக்குக்கு இரையாகும் மெதுவான, பருத்த, வால் நீண்ட மீன் தொட்டியில் பிழைத்துக்கொள்ளும். 1596இலேயே சீன அறிஞர் ஒருவர் தங்கமீனுக்கென்று தனிநூல் எழுதிவிட்டார். 16ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்கும் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கும் இம்மீன் சென்றது. முதுகுத் துடுப்பே இல்லாதது, தலையில் முண்டாசு கட்டியது போன்றது, கண் பிதுங்கியது, முத்துப் பதித்தாற்போன்ற செதிலுடையது என்று இன்று காணும் வகைகள் எல்லாம் ஒரே மீனின் மக்கள்.

நம் நாட்டிலும் இக்கலை வேரூன்றியிருக்கிறது. சென்னை கொளத்தூர் என்றால் வண்ணமீன் என்று சொல்லும் அளவுக்கு அங்கே கடைகளும் வளர்ப்போரும் பெருகியிருக்கின்றனர். உறவினர் வீட்டு நிக்காஹுக்குச் சென்னை சென்றிருந்த ஓர் ஆண்டில் நானும் அங்கே போனேன். வெள்ளை, சிவப்பு, கருப்பு, அரிதான நீலம் ஆகியவை ஒரே மேனியில் புள்ளியும் திட்டுமாகக் கலந்த இரட்டைவால் மீன்களை அங்குக் கண்டேன். கடைக்காரர்கள் ‘காலிகோ’ என்பர். கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் பேர்போன மாவட்டத்துக்காரன் நான். ஒரு துணியின் பெயரை மீனுக்கு வைத்திருந்தது மனத்துக்கு உகந்ததாயிற்று. இரண்டு ஜோடி வாங்கி, காற்றடைத்த பையில் வைத்து, மடியைவிட்டு இறக்காமல் இரவுப் பேருந்தில் ஊர் கொண்டுவந்து சேர்த்தேன்.

எங்கள் சமவெளியில் தங்கமீன் வளர்ப்பது எளிதன்று. சேலமும் நாமக்கல்லும் கோடையில் அடுப்பாகிவிடும். இம்மீனோ குளிர்நாட்டுப் பிறவி. நீர் சூடேறினால் அதிலுள்ள உயிர்க்காற்றுக் குறைந்து, மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். ஆகவே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டேன். ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பு மிகுந்தது. குழாயில் வரும் காவிரித் தண்ணீரிலோ குளோரின் மருந்து கலந்திருக்கும்; அந்த வாடை போக ஒரு பகலும் ஓர் இரவும் திறந்துவைத்த பின்னரே தொட்டியில் விடலாம்.

ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கும்போது மீன்களுக்கு மணப்பருவம் வருகிறது. ஆண்மீனின் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பிலும் வெண்ணிற மணல் தூவியதுபோல் சிறு பருக்கள் தோன்றும். பெண்மீனின் வயிறு ஒரு பக்கமாகப் புடைக்கும். ஆகாயத்தாமரையை வேரோடு கழுவித் தொட்டியில் மிதக்கவிட வேண்டும். முட்டையிடுவது பெரும்பாலும் விடியலில்தான். சுபுஹுத் தொழுகைக்கு எழும்போதே புழக்கடையில் தண்ணீர் அடிபடும் ஓசை கேட்கும். ஆண்மீன்கள் பெண்மீனைத் துரத்தித் துரத்தி வேர்க்கற்றைக்குள் தள்ள, கடுகினும் சிறிய பசையுள்ள முட்டைகள் வேரெங்கும் ஒட்டிக்கொள்ளும். தொழுதுவிட்டு வந்து முதல் வேலையாகப் பெற்றோரை அப்புறப்படுத்த வேண்டும்; இல்லையேல் தாம் ஈன்றதைத் தாமே தின்றுவிடும். நம் தட்பவெப்பத்தில் மூன்று நான்கு நாட்களில் குஞ்சு பொரிக்கும். முதல் இரண்டொரு நாள் ஊசிமுனை போன்ற அக்குஞ்சுகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, தம் வயிற்றுக் கருவையே உண்டு கிடக்கும். நீந்தத் தொடங்கியதும், அவித்த முட்டையின் மஞ்சட்கருவைத் துணியில் கட்டி நீரில் அலசினால் அந்தப் பால்மூட்டமே அவற்றின் அன்னம். முட்டைக்குப் பேர்போன ஊரில் அதற்கென்ன குறை?

இனித்தான் உண்மையான வேலை. இரண்டு மூன்று வாரம் ஆனதும் குஞ்சுகளை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் விட்டு மேலிருந்து பார்க்க வேண்டும். வால் இரண்டாகப் பிரிந்திருக்கிறதா? முதுகு கோணலா? இது முதற் கழிப்பு. ஒரு மாதம் கழித்து உடலின் உருட்சியும் துடுப்புகளின் சமநிலையும் பார்ப்பது இரண்டாம் கழிப்பு. நிறம் பார்ப்பது மூன்றாம் கழிப்பு. என் தொட்டியில் ஆயிரம் குஞ்சு நீந்தினால், முடிவில் நான் வைத்துக்கொண்டவை ஐம்பதைத் தாண்டியதில்லை. மீன் வளர்ப்பவனின் திறமை எதை வைத்துக்கொள்கிறான் என்பதில் இருப்பதாகப் பார்ப்பவர் நினைப்பர். உண்மையில் எதைக் கழிக்கிறான் என்பதில்தான் அது இருக்கிறது. எஞ்சிய தொள்ளாயிரத்து ஐம்பதையும் வைத்திருந்தால் இடமும் தீனியும் போதாமல் அனைத்தும் குன்றிப்போகும். ஆகவே கழிப்பது கொடுமையன்று, கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொழில் செய்வோர் கழித்த குஞ்சுகளைப் பெரிய மீனுக்கு இரையாக்குவர். நானும் முதலாண்டில் அதையே செய்தேன்.

இரண்டாம் ஆண்டில், கழித்த குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்த கிண்ணத்தை என் கையினின்றும் என் மனைவி வாங்கிக்கொண்டாள்.

“நீங்க வேணாம்னு சொல்லிட்டா, அது உசுரில்லாததா ஆயிடுமாங்க?” என்றாள்.

துவைகல்லருகே விளிம்பு உடைந்த பழைய தொட்டி ஒன்று கிடந்தது. அதில் அவற்றை விட்டாள். சோற்றுப் பருக்கையும் கொசுப்புழுவும் போட்டாள். பல செத்தன, பல பிழைத்தன. அதனைக் ‘கழிவுத் தொட்டி’ என்று நான் அழைத்தேன். அவள் அப்பெயரை ஒருநாளும் சொன்னதில்லை.

இவ்வாறு மூன்று ஆண்டுகள் கழிந்தன. என் நோக்கமெல்லாம் குறை சொல்லவியலாத காலிகோ வமிசம் ஒன்றை நிலைநிறுத்துவது. ஆகவே ஆண்டுதோறும் ஆகச் சிறந்த பலவண்ண ஆணையும் ஆகச் சிறந்த பலவண்ணப் பெண்ணையுமே சேர்த்தேன். ஆயினும் ஒவ்வொரு முறையும் குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதிதான் பலவண்ணமாக வந்தன. கால்பங்கு, பளபளக்கும் செதிலுடைய சாதாரணச் செம்மீன்கள். மற்றொரு கால்பங்கு, மினுக்கமே இல்லாத வெளிறிய இளஞ்சிவப்பு மீன்கள். செவுளின் இரத்தச் சிவப்பு வெளியே தெரியும். பொன்வளையமற்ற கண்கள் கருமணி பதித்தாற்போல் இருக்கும். இவற்றைக் கண்டாலே எனக்கு எரிச்சல். முதற் பார்வையிலேயே வெளியே தள்ளுவேன். விற்றவர் கலப்பு மீனைத் தந்து ஏமாற்றினாரோ என்று ஐயுற்றேன். என் கண்ணில்தான் பழுதோ என்றும் கலங்கினேன்.

நாமக்கல்லில் 1985இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று இருக்கிறது. அங்குப் படித்துக்கொண்டிருந்த, என்னிடம் முன்னர் ஓதிய மாணவன் ஒருவன் பெருநாளன்று ஸலாம் சொல்ல வந்தான். தொட்டிகளை எல்லாம் பார்த்தான். என் முறையீட்டையும் கேட்டான்.

“ஹஜ்ரத், இது உங்க கண்ணோட தப்பு இல்லீங்க. கணக்கு” என்று கூறி, என் பேத்தியின் சிலேட்டை எடுத்து நான்கு கட்டம் போட்டான்.

அவன் சொன்னதன் சாரம் இது. ஒவ்வொரு பண்புக்கும் தாயிடமிருந்து ஒரு கூறும் தந்தையிடமிருந்து ஒரு கூறும் குஞ்சுக்கு வருகின்றன. செதிலின் மினுக்கத்துக்குரிய கூறு இரண்டும் சேர்ந்தால் பளபளக்கும் மீன். மினுக்கமின்மைக்குரிய கூறு இரண்டும் சேர்ந்தால் வெளிறிய மீன். ஒன்றும் மற்றொன்றுமாகச் சேர்ந்தால்தான், இங்கொன்றும் அங்கொன்றும் மின்னும் முத்துச்சிப்பி மேனி, அதாவது காலிகோ. ஆகவே காலிகோ என்பது ஒரு தனிச்சாதி அன்று. இரண்டு வேறுபட்டவற்றின் கூட்டு. காலிகோவோடு காலிகோவைச் சேர்த்தால் நான்கில் ஒன்று பளபளப்பு, இரண்டு பலவண்ணம், ஒன்று வெளிறல் என்றுதான் வரும். எத்தனை தலைமுறை தெரிந்தெடுத்தாலும் அந்தக் கணக்கு மாறாது. ஷிசான் சென் என்னும் சீன அறிஞர் தங்கமீனைக் கொண்டே ஆராய்ந்து 1928இல் இதை வெளியிட்டிருக்கிறார். இரட்டை வாலுக்கும் இவ்வாறே உள்ளிருக்கும் கூறு ஒன்று காரணம் என்பதைத் தைவானில் பணியாற்றிய ஆய்வாளர்கள் 2014இல் கண்டறிந்தனர்.

“நம்ம ஊரு முட்டைக்கோழியும் இப்படித்தாங்க ஹஜ்ரத்” என்றான் அவன். பண்ணையில் நிற்கும் கோழி, தனித்தனியே பேணப்பட்ட வமிசங்களைக் கலந்து பெற்றது. அந்தக் கோழியின் குஞ்சை எடுத்து வளர்த்தால் தாயின் குணம் அப்படியே வாராது. அதனால்தான் பண்ணையாளர்கள் ஒவ்வொரு முறையும் புதுக்குஞ்சு வாங்க வேண்டியிருக்கிறது.

கட்டங்கள் எனக்குப் பாதிதான் விளங்கின. மீதியை எனக்கு விளக்கியது ஸர்ஃபு இலக்கணம். அரபியில் அலிஃப், வாவ், யே ஆகியவற்றை ‘இல்லத்’ எழுத்துகள், நோயுற்ற எழுத்துகள், என்போம். ‘கால’, அதாவது ‘சொன்னான்’, என்ற வினையில் காஃப், லாம் என்னும் இரண்டெழுத்தும் இடையே ஒரு நீட்டலுமே தெரியும். ‘குல்’, ‘சொல்’, என்று ஏவும்போது அந்த நீட்டலும் போய்விடும். புதிதாக ஓத வரும் பிள்ளை, இவ்வேருக்கு இரண்டே எழுத்து என்று எண்ணுவான். ஆனால் ‘கவ்ல்’, ‘சொல்லுதல்’, என்று பெயராகும்போது, மறைந்திருந்த வாவ் எழுந்து நடுவில் நிற்கும். அது எங்கும் போய்விடவில்லை. நலிந்தது என்பதால் ஒளிந்திருந்தது. வேரை அறியாதவன் உருவை மட்டும் பார்த்து முடிவு கட்டுவான். முப்பது ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்திவரும் நான், என் தொட்டியில் உருவை மட்டுமே பார்த்து முடிவு கட்டிக்கொண்டிருந்தேன்.

“அப்படியானால் முழுவதும் பலவண்ணமாகப் பெற வழியே இல்லையா?” என்று கேட்டேன்.

“இருக்குதுங்களே. வெளுத்ததையும் பளபளப்பானதையும் சேர்த்துப் பாருங்க” என்று சொல்லி, சிலேட்டில் மற்றொரு நான்கு கட்டம் போட்டான். நான்கிலும் பலவண்ணமே வந்தது.

வெளிறியதும் பளபளப்பானதும் என்னிடம் ஏது? இரண்டையும் நான் கழித்துவிட்டேனே! இருந்தவை எல்லாம் துவைகல்லருகே, விளிம்புடைந்த தொட்டியில்தான் இருந்தன.

அவ்வாண்டு மார்கழியில், என் மனைவியிடம் இரந்து, அவளுடைய தொட்டியிலிருந்து வெளிறிய பெண்மீன் ஒன்றையும் சாதாரணச் செந்நிற ஆண்மீன்கள் இரண்டையும் பெற்றேன். பனி கொட்டிய ஒரு விடியலில் அவை முட்டையிட்டன. குஞ்சுகள் வளர்ந்து மேனி தெளிந்தபோது, கிண்ணத்தை மேலும் கீழும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பளபளப்பானது ஒன்றுகூட இல்லை. வெளிறியதும் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் முத்துச்சிப்பி மேனி. அவை அனைத்தும் அழகானவை என்று சொல்லமாட்டேன். புள்ளி விழாதவை இருந்தன; நீலம் எட்டாதவை இருந்தன; வால் கோணியவையும் இருந்தன. அவற்றுக்குக் கழிப்பு வேண்டியே இருந்தது. ஆயினும் மூன்று ஆண்டுகளாகச் சிறந்தவற்றிடம் நான் கேட்டுக் கிடைக்காததைக் கழித்தவை இரண்டும் சேர்ந்து ஒரே விடியலில் தந்துவிட்டன. மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாதது எனக்குக் கேட்டது.

இவ்விடத்தில் மார்க்கம் கற்றோர் ஒரு வினா எழுப்புவர், நானும் எழுப்பிக்கொண்டதுண்டு. படைப்பின் உருவை மாற்றத் தூண்டுவது ஷைத்தானின் சூளுரை என்று அந்நிஸா அத்தியாயத்தின் 119ஆம் வசனம் எச்சரிக்கிறது. மீனை இப்படி வளைப்பது அதில் அடங்குமா? கழுதையைக் குதிரையோடு சேர்ப்பது பற்றி நபிமொழி வந்திருப்பதையும், பெருமானார் கோவேறு கழுதையின்மீது பயணம் செய்திருப்பதையும் இணைத்து ஆராய்ந்து, அறிஞர் பலர் அதனை ஹராம் என்னாது விரும்பத்தகாதது என்றே கொண்டனர். சிறுவர் அபூ உமைர் வளர்த்த குருவி இறந்தபோது பெருமானார் அவரிடம் அன்பு ததும்ப விசாரித்த செய்தியிலிருந்து, கூண்டுப் பறவை வளர்க்கலாம் என்று சட்டம் எடுத்தனர். அந்த ஒரு செய்தியிலிருந்தே அறுபது பயன்களைத் திரட்டித் தனிநூல் செய்தார் இமாம் இப்னுல் காஸ். ஹிஜ்ரி 255இல் மறைந்த பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ், தம் ‘கிதாபுல் ஹயவான்’ நூலில், தம் ஊரார் புறாக்களுக்கு வமிசாவளி எழுதிப் பேணியதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே தெரிந்து வளர்த்தல் நமக்குப் புதிதன்று.

ஆயினும் அதற்கோர் எல்லை உண்டு என்று கருதுகிறேன். கண்ணுக்கடியில் நீர்ப்பை தொங்கும் தங்கமீன் ஒன்றிருக்கிறது. தொட்டியின் சொரசொரப்பான சுவர் பட்டாலே பை கிழிந்துவிடும். எப்போதும் வானத்தையே பார்த்திருக்கும் கண்ணுடைய மீன் ஒன்றுண்டு. தன் வாயின் கீழே கிடக்கும் தீனி அதற்குத் தெரியாது. மிகையாக உருண்ட மீன்களுக்கு உள்ளிருக்கும் காற்றுப்பை இடம் பிசகி, தலைகீழாக மிதக்க நேர்வதும் உண்டு. அத்தகையவற்றை நான் வளர்ப்பதில்லை. தன் தீனியைத் தானே தேடிச் சேரும் வல்லமையை ஒரு மீனிடமிருந்து பறித்துவிட்டு, அதை அழகு என்று சொல்ல என் நா எழவில்லை.

மீனின் கதை இவ்வளவே. அந்தக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி நின்ற காலையில் என் நினைவுக்கு வந்தது வேறொன்று. அதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர், பள்ளிபாளையம் பக்கத்துத் தறித் தொழிலாளி ஒருவர் தம் மகனை என்னிடம் ஓதக் கொண்டுவந்து விட்டார். பதினோரு வயதுப் பிள்ளை; சொல் திக்கும். நேற்று ஓதியது இன்று நினைவில் நிற்காது. ஓராண்டு முயன்றேன். ஆண்டு முடிவில் பிள்ளைகளும் பெற்றோரும் கூடியிருந்த அவையில், அந்தத் தந்தையை அழைத்து, “இவனுக்கு ஓதல் ஏறாது, வீணாக வைத்திருக்க வேண்டாம், தறிக்கே கூட்டிச் செல்லுங்கள்” என்றேன். தெரிவு செய்வது என் கடமை. அதைச் செய்தேன் என்றே அன்று நினைத்தேன். தந்தை தலை குனிந்தார். பையன் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, அவருக்கு முன்னால் நடந்து போனான். அந்த முதுகை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த பெயரை அழைத்தேன்.

விசாரித்தபோது அவன் குமாரபாளையத்தில் இருப்பது தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப்பின் பேருந்தேறிச் சென்றேன். அவனுக்கென்று நான்கு விசைத்தறிகள். பிறருடைய தறிகளும் அதே கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்தன. என்னை அடையாளம் கண்டு எழுந்து ஸலாம் சொன்னான், ஸ்டூலைத் துண்டால் துடைத்துப் போட்டான், தேநீர் வரவழைத்தான். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று எழுந்து போய், கொட்டகையின் மறுகோடியில் ஒரு தறியை நிறுத்தினான். இழை அறுந்திருந்தது. அத்தனை ஓசையில் அந்த ஓர் ஓசை மாறியதை அவன் செவி கேட்டிருந்தது. தஜ்வீது ஓதிக்கொடுக்கும் என் செவிக்கு அது எட்டவில்லை.

வந்த காரணத்தைச் சொன்னேன். அவன் சிறிது நேரம் கையிலிருந்த நூலைச் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு, திக்கலோடு நிதானமாகச் சொன்னான்:

“ஹஜ்ரத், எனக்கு ஓதல் வராதுன்னு நீங்க சொன்னது சரிதாங்க. அதுல எனக்கு வருத்தமில்லீங்க. ஆனா அத்தாவ எல்லாரு முன்னாடியும் நிக்க வெச்சுச் சொன்னீங்க. அவரு மவுத்தாகற வரைக்கும் அந்தப் பள்ளிவாசல் பக்கம் போகல.”

என்னை மன்னிக்குமாறு கேட்டேன். “அதெல்லாம் அப்பவே முடிஞ்சு போச்சுங்க ஹஜ்ரத்” என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, தறியைப் பார்த்தான். மன்னித்தானா என்று இன்றும் என்னால் உறுதி கூறவியலாது. மன்னிப்புக் கேட்க வேண்டிய முதல் மனிதர் மண்ணுக்குள் போய்விட்டார்.

இதனால் தெரிவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிரம் குஞ்சுகளை ஒரு தொட்டியில் வைக்கவியலாது. எல்லாப் பிள்ளைகளும் ஹாபிழாகவோ ஆலிமாகவோ ஆகவும் முடியாது. தெரிவு செய்தே தீர வேண்டும். ஆனால் தெரிபவனின் கண், அன்றைக்கு வெளியே தெரியும் உருவை மட்டுமே காண்கிறது. உள்ளே ஒளிந்திருக்கும் எழுத்தை அது காண்பதில்லை. ஆதலால் எடுத்துக்கொண்டதைப் பற்றிப் பெருமைப்படும் கை, தள்ளியதை எங்கே, எப்படி வைத்தது என்பதற்கும் கணக்குச் சொல்ல வேண்டும். என் மனைவி எந்த நூலும் ஓதாமல், விளிம்புடைந்த ஒரு தொட்டியைக் கொண்டு அந்தக் கணக்கைச் சரியாக வைத்திருந்தாள்.

இப்போது கழித்த மீன்களை நான் இரையாக்குவதில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப்புழு தின்ன விடுகிறேன். காவிரியிலும் ஏரியிலும் விட வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியனுப்புகிறேன். அயல்நாட்டு மீன் பெருகினால் அங்குள்ள நம் மீன்களுக்குக் கேடாகும். முட்டையிடும் ஜோடிகளையும் குறைத்துவிட்டேன். வளர்க்க முடியாத எண்ணிக்கையில் பிறப்பித்துவிட்டுப் பின் கழிப்பதைவிட, குறைவாகப் பிறப்பிப்பது மேல் என்பதும் தாமதமாகவே எனக்கு விளங்கியது.

மதரஸாவில், ஒரு பிள்ளைக்கு ஓதல் வராது என்று தோன்றினால், அவன் தந்தையை என் வீட்டுக்கு வரச் சொல்கிறேன். தேநீர் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையிடம் நான் கண்ட நல்லவை யாவை என்பதை முதலில் சொல்கிறேன். அவற்றைச் சொல்ல வேண்டுமென்றால் ஆண்டு முழுவதும் தேடிக் காண வேண்டியிருக்கிறது. அதுவே இப்போது என் பாடம். புழக்கடைப் பக்கம் அவர்கள் வந்தால் தொட்டிகளையும் காட்டுவேன். எல்லோரும் பலவண்ண மீன்களைப் பார்த்து வியக்கின்றனர். துவைகல்லருகே இருக்கும் தொட்டியை நான்தான் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது.